ஏழு கணினிகளும் ஒரு பழைய கேள்வியும்

(சுசீந்திரத்தில் மாலைநேரப் படிப்பகம் ஒன்றின் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சின் போக்கு கெடாதிருக்க வழக்குச் சொற்கள் அங்கங்கே அப்படியே விடப்பட்டுள்ளன.)



வழக்கமாக என்னைக் கவிதை பற்றிப் பேசத்தான் கூப்பிடுவார்கள். இன்றைக்குக் கணினியைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் கணினிப் பொறியாளன் இல்லை. வங்கியில் எழுத்தர். காலையில் திரைக்கு முன்னால் உட்கார்ந்தால் சாயங்காலம் வரைக்கும் அதுதான் என் வயல், அதுதான் என் களம். அந்தத் தகுதியில் மட்டும் பேசுகிறேன்.

விஷயம் இதுதான். படிப்பகத்துக்கு ஒரு அலுவலகம் கழித்துப்போட்ட ஏழு கணினிகள் வந்திருக்கு. எல்லாம் பத்து வருசம் பழசு. விண்டோஸ் 10 போட்டது. ‘விண்டோஸே கெடக்கட்டும், பிள்ளைகளுக்கு நாளைக்கு வேலை கிடைக்கணும்லா’ என்கிறார்கள் சிலர். ‘லினக்ஸ் போடுவோம், காசு கிடையாது’ என்கிறார்கள் சிலர். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கு. ஆனால் ரெண்டு பேருமே ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. சாவி யார் கையில் இருக்கும்?

கணினி என்பது தகரமும் கம்பியும். பொத்தானை அமுக்கியதும் திரையை விரித்து, விசையைத் தட்டினால் எழுத்தைக் காட்டி, அச்சுப்பொறியோடு பேசி, கோப்பை எடுத்து வைத்துப் பாதுகாக்கிற அடிப்படை மென்பொருள்தான் இயங்குதளம். மற்ற மென்பொருளெல்லாம் அந்தத் தரையில்தான் நிற்கும். தரை யாருடையது என்பதுதானே நம்முடைய வரலாற்றில் எப்போதும் முதல் கேள்வி?

மென்பொருளை மனிதர்கள் படிக்கிற விதமாகத்தான் முதலில் எழுதுகிறார்கள். அதற்கு மூலநிரல் என்று பெயர். பிறகு அதைக் கணினிக்கு மட்டும் புரிகிற எண்களாக மாற்றுகிறார்கள். விண்டோஸில் நம் கைக்கு வருவது அந்த எண்கள் மட்டும். மூலநிரல் மைக்ரோசாஃப்ட் கம்பெனியின் பெட்டிக்குள். காசு கொடுத்தாலும் நாம் வாங்குவது பயன்படுத்துகிற உரிமத்தை மட்டும்தான். நாஞ்சில் நாட்டில் பாட்டம் என்போமே, அதேதான். பாட்டத்துக்கு எடுத்தவன் உழலாம், நடலாம், அறுக்கலாம். வரப்பை மாற்றி வெட்ட முடியாது. பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கொடுக்க முடியாது. உடையவன் ‘போதும்’ என்றால் கரையேற வேண்டும்.

இதை ஏற்க மறுத்து 1983-இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் ‘க்னூ’ என்ற திட்டத்தை அறிவித்தார். அதிலிருந்து பிறந்ததுதான் கட்டற்ற மென்பொருள் என்ற கருத்து. அது நான்கு உரிமைகளைச் சொல்கிறது. எந்த வேலைக்கும் ஓட்டலாம். உள்ளே திறந்து படிக்கலாம். படியெடுத்து அடுத்தவருக்குக் கொடுக்கலாம். மாற்றி எழுதி, மாற்றியதையும் பகிரலாம். 1991-இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் ஒரு இயங்குதளத்தின் உட்கருவை எழுதி வெளியிட்டார். இரண்டும் சேர்ந்ததைத்தான் பொதுவாக லினக்ஸ் என்கிறோம். டெபியன், உபுண்டு, மின்ட் என்பதெல்லாம் அதன் வெவ்வேறு தொகுப்புகள். லினக்ஸ் ஏதோ அந்நியச் சரக்கு என்று நினைக்காதீர்கள். உங்க சட்டைப்பையில் இருக்கிற ஆண்ட்ராய்டு போனுக்குள் இருப்பதும் அந்த உட்கருதான்.

ஆங்கிலத்தில் இலவசத்துக்கும் விடுதலைக்கும் ஒரே சொல். அதனால் அங்கே எப்போதும் குழப்பம். தமிழில் நமக்கு ரெண்டு சொல் உண்டு. இலவசம் மேலே இருந்து வருவது. கொடுத்தவன் படம் அதில் இருக்கும். கட்டற்றது என்பது உரிமை. அதில் யார் படத்தை மாட்டுவது என்று நாம்தான் தீர்மானிப்போம்.

படம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கு. 2009-இல் வந்த விண்டோஸ் 7-க்கு ஆறு பதிப்புகள் இருந்தன. ஸ்டார்ட்டர், ஹோம் பேசிக், ஹோம் பிரீமியம், புரொஃபஷனல், என்டர்பிரைஸ், அல்டிமேட். அடியில் இருந்தது ஸ்டார்ட்டர். மலிவான சின்னக் கணினிகளில் போட்டுக் கொடுப்பது. அதில் திரையின் பின்னணிப் படத்தை மாற்ற முடியாது. கணினியால் முடியாததல்ல, அந்த வசதியை வேண்டுமென்றே அடைத்து வைத்தார்கள். அந்தத் திரையில் அம்பேத்கர் படத்தை வைக்க ஒரு பிள்ளை ஆசைப்பட்டால் அதற்கும் மேல்பதிப்புக்குக் காசு கட்ட வேண்டும். அதற்கு முன்னால் ஏழை நாடுகளுக்கென்றே விண்டோஸ் எக்ஸ்.பி. ஸ்டார்ட்டர் என்று ஒன்று விற்றார்கள். அதில் ஒரே நேரத்தில் மூன்று மென்பொருள்களுக்கு மேல் திறக்காது. பாபாசாகேப் சாதியைப் படிநிலைப்பட்ட ஏற்றத்தாழ்வு என்றார். ஒவ்வொரு படிக்கும் கீழே ஒரு படி. விற்பனைப் பட்டியலும் சாதியும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. இருப்பதை மறைத்து, தரம் பிரித்து, கீழே நிற்கிறவனுக்குக் குறைத்துக் கொடுக்கிற புத்தி எங்கே வந்தாலும் நமக்கு அடையாளம் தெரியும் என்றுதான் சொல்கிறேன்.

இன்றைய விண்டோஸ் 11 ஹோம் பதிப்பை முதன்முதலில் திறந்தால், இணையத்தோடு இணை, கம்பெனியில் கணக்குத் தொடங்கு என்று கேட்கிறது. வாசலிலேயே ‘நீ யாரு, எந்த ஊரு’ என்ற விசாரணை. லினக்ஸில் ஒரு பெயரையும் கடவுச்சொல்லையும் நாமே வைத்துக்கொண்டு உள்ளே போகலாம். அந்தப் பெயர் கணினியை விட்டு வெளியே போக வேண்டியதில்லை.

‘அதெல்லாம் எதுக்கு, கடையில சொன்னா திருட்டு விண்டோஸ் போட்டுத் தருவானே’ என்று ஒரு தம்பி கேட்டான். தருவான். ஆனால் உடைத்துக் கொடுக்கிற பதிப்போடு என்னென்ன நோய்நிரல் ஏறி வரும் என்பது போட்டவனுக்கே தெரியாது. அதைவிட எனக்கு உறுத்துவது வேறு. நம்ம ஆட்களைத் திருடன் என்று எழுதி வைத்த சட்டங்களும் காவல் நிலையப் பதிவேடுகளும் இந்த நாட்டில் உண்டு. படிக்க வந்த பிள்ளையின் முதல் கணினியே சட்டத்தின் கண்ணில் திருட்டுப் பொருளாக ஏன் இருக்கணும்? லினக்ஸைப் படியெடுத்துக் கொடுப்பது திருட்டு இல்லை. அதன் உரிமமே ‘கொடு’ என்றுதான் சொல்கிறது.

○

இனி நம்ம ஏழு கணினிக்கு வருவோம்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. பதிவு செய்துகொள்கிறவர்களுக்கு 2026 அக்டோபர் வரை ஓராண்டுத் தவணை என்று அறிவித்தார்கள். ஆதரவு நின்றாலும் கணினி ஓடும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கிற ஓட்டைகளை அடைத்துத் தர மாட்டார்கள். சரி, விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேணும். இன்டெல் செயலி என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ வேணும். நம்ம கணினிகள் அதற்கு முந்தியவை. நல்லா ஓடுகிற ஏழு பெட்டிகளும் ஒரு கம்பெனியின் தேதிப்படி குப்பை.

ஓட்டையை அடைக்காத கணினி என்ன செய்யும்? எங்க தொழிலில் இருந்தே சொல்றேன். விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு 2014 ஏப்ரலில் ஆதரவு நின்றது. அதற்குப் பிறகும் நாட்டில் ஏராளமான ஏ.டி.எம். இயந்திரங்கள் எக்ஸ்.பி.யிலேயே ஓடின. 2017 மே மாதம் ‘வான்னாகிரை’ என்ற நச்சுநிரல் உலகம் முழுக்க விண்டோஸ் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அதற்கான அடைப்பு இரண்டு மாதம் முன்பே வந்திருந்தது. அதைப் போடாத கணினிகள்தான் மாட்டின. 2018 ஜூனில்தான் ரிசர்வ் வங்கி காலக்கெடு வைத்து, 2019 ஜூனுக்குள் எல்லா ஏ.டி.எம்.களையும் மாற்றச் சொன்னது. வங்கிக்கே இந்த நிலை என்றால் படிப்பகத்துக்கு?

இதே பெட்டிகளில் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்போ லுபுண்டுவோ தாராளமாக ஓடும். மின்ட்டுக்கு 2 ஜி.பி. நினைவகம் போதும், 4 இருந்தால் நல்லது. உலாவி, கடிதம் எழுத, கணக்குப் போட லிப்ரே ஆபிஸ், படம் பார்க்க, பாட்டுக் கேட்க எல்லாம் அதிலேயே இருக்கு. அரசுத் தேர்வுக்கு விண்ணப்பிப்பதும், உதவித்தொகைப் படிவம் நிரப்புவதும் உலாவி வழியாகத்தான். அன்றாட வேலையில் பத்துக்கு எட்டு வேலைக்கு வித்தியாசமே தெரியாது.

மிச்சம் இரண்டு இருக்குல்லா, அதை மறைக்கக் கூடாது. டேலி விண்டோஸில்தான் ஓடும். நாகர்கோவிலில் கணக்கெழுதப் போகிற பெண்பிள்ளைக்கு டேலிதான் சோறு. அலுவலகங்களில் எக்செல் தெரியுமா என்றுதான் கேட்கிறார்கள். அடோபியின் போட்டோஷாப் லினக்ஸுக்கு வருவதில்லை. அச்சுப்பொறிகளில் எச்.பி.யின் பெரும்பாலானவை லினக்ஸில் எளிதாக வேலை செய்யும். வேறு சில ரகங்கள் நம்ம பொறுமையைச் சோதிக்கும். பழுதானால் விண்டோஸுக்குத் தெருவுக்குத் தெரு ஆள் இருக்கான், லினக்ஸுக்குத் தேடணும். இதையெல்லாம் சொல்லாமல் லினக்ஸை வாழ்த்திப் பேசுகிறவர் பெரும்பாலும் வேலை கிடைத்துவிட்டவர்.

பாதுகாப்பிலும் ஒரு பக்கம் தேவலோகம், மறுபக்கம் நரகம் என்று இல்லை. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் கோளாறான ஒரு புதுப்பிப்பால் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரை காட்டி விழுந்தன. விமான நிலையங்கள் நின்றன. அதே ஆண்டு மார்ச்சில் லினக்ஸ் தொகுப்புகளில் இருக்கிற ‘எக்ஸ்.இசட்.’ என்ற சின்ன மென்பொருளுக்குள் ஒருவர் கள்ளவாசல் வைத்திருந்தது தெரிந்தது. ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், ஒரு வேலை வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாகிறதே என்று தோண்டிப் பார்த்துக் கண்டுபிடித்தார். திறந்திருப்பதால் திருடன் வரமாட்டான் என்பதில்லை. திறந்திருந்ததால், சந்தேகப்பட்ட ஒரு ஆளால் உள்ளே போய்ப் பார்க்க முடிந்தது. அவ்வளவுதான் வித்தியாசம். அது சின்ன வித்தியாசம் இல்லை.

○

எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு முக்கியமானது தமிழ்.

நம்ம சிறுபத்திரிகைகள் தொண்ணூறுகளில் கணினி அச்சுக்கு வந்தன. பேஜ்மேக்கரில் பக்கம் கட்டினார்கள். ஒவ்வொரு நிறுவனத்தின் எழுத்துருவும் ஒவ்வொரு குறியேற்றம். ஒரு எழுத்துருவில் அடித்ததை இன்னொன்றில் திறந்தால் கிறுக்கல். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டில் விசைப்பலகைக்கும் குறியேற்றத்துக்கும் ஒரு பொதுமுறை வகுத்தார்கள். 2010-இல்தான் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்றது. இதற்கிடையில் அடோபி 2001-இல் பேஜ்மேக்கரின் 7-ஆம் பதிப்போடு நிறுத்திவிட்டது. அந்த ஆண்டுகளில் நம்மாட்கள் எழுதிய கதை, கவிதை, வன்கொடுமை பற்றிய கள ஆய்வு அறிக்கை எல்லாம் யாரோ ஒருவர் வீட்டு மேசை இழுப்பறையில் நெகிழ்வட்டிலும் குறுந்தட்டிலும் கிடக்கு. எழுதியது நாம். திறக்கிற சாவி நம்மிடம் இல்லை. நம்ம சாட்சியம் இன்னொருத்தன் பூட்டுக்குள்.

அந்தப் பூட்டைத் திறக்க முயன்றது யார் தெரியுமா? 2015-இல் வந்த லிப்ரே ஆபிஸ் 4.4 பேஜ்மேக்கர் கோப்புகளை ஓரளவு திறக்கக் கற்றுக்கொண்டது. உடையவன் கைவிட்ட கோப்பை, ஊர் கூடி எழுதிய மென்பொருள் எடுத்துப் படிக்கிறது. பழைய எழுத்துருவை ஒருங்குறிக்கு மாற்ற சுரதாவின் ‘பொங்குதமிழ்’ போன்ற கருவிகள் வந்தன. ‘ஓப்பன் தமிழ்’ என்ற கட்டற்ற நிரல்தொகுப்பிலும் அந்த வசதி இருக்கு. பக்கம் கட்ட ஸ்கிரைபஸ் என்ற கட்டற்ற மென்பொருள் உண்டு. பழைய பதிப்பில் தமிழ் எழுத்து உடையும். 2024 ஜனவரியில் வந்த 1.6-இல் கொம்பும் காலும் இருக்கிற இடத்தில் இருக்கு. நான் சொல்வது லினக்ஸைவிட அகலமான விஷயம். விண்டோஸிலேயே எழுதினாலும் ஒருங்குறியில் எழுதுங்க, திறந்த வடிவக் கோப்பாகச் சேமிங்க. தமிழ்99 விசைப்பலகை இப்போது இரண்டிலும் இருக்கு.

சொல்லும் ஒரு அரசியல். கணினித் துறையில் ஒரு கருவி இன்னொன்றை நடத்தினால் அவற்றை ‘எசமான், அடிமை’ என்று பெயர்வைத்து வெகுகாலம் எழுதினார்கள். 2020 ஜூலையில் லினக்ஸ் உட்கருவை எழுதுகிறவர்கள், புதிய நிரல்களில் அந்தச் சொற்களைத் தவிர்ப்பது என்று முடிவெடுத்தார்கள். அந்த வாதம் எல்லார் கண்ணெதிரேயும் நடந்தது. யார் ஆதரித்தார், யார் முணுமுணுத்தார் என்று நாம் இன்றைக்கும் படிக்கலாம். பூட்டிய அறைக்குள் சொற்கள் மாறலாம், மாறாமலும் போகலாம், நமக்குத் தெரியாது.

○

தமிழ்நாட்டில் இதைச் செய்து பார்க்காமல் இல்லை. சி. உமாசங்கர் எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, 2006-க்கும் 2008-க்கும் இடையில், அந்த நிறுவனத்தின் மேசைக் கணினிகளை விண்டோஸிலிருந்து சூசே லினக்ஸுக்கு மாற்றினார். பள்ளிகளுக்கு வாங்கிய கணினிகளிலும் லினக்ஸ் போனது. 2008-இல் அவர் மாற்றப்பட்டார். 2010-இல் சாதிச் சான்றிதழைக் காட்டி அவரை இடைநீக்கம் செய்ததும் பிறகு திரும்பப் பெற்றதும் இந்த அரங்கத்துக்குத் தெரிந்த கதை. அவர் போனபின் எல்காட்டில் அந்த வேகமும் போனது.

2011-இல் அரசு மடிக்கணினி வந்தது. என் வயதுக்காரர்கள் பலருக்கு வீட்டுக்குள் நுழைந்த முதல் கணினி அதுதான். அதில் விண்டோஸோடு, சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸும் இருந்தது. பையன்கள் முதலில் கற்றது அதை எப்படி அழிப்பது என்பதைத்தான். குறை பையன்கள் மேல் இல்லை. அதைத் திறந்து காட்டி, ‘இது என்ன, எதுக்கு’ என்று சொல்ல ஒரு ஆசிரியர் இல்லை. கணினிப் பாடம் விண்டோஸிலும், தேர்வு விண்டோஸிலும், கடைக்காரன் விண்டோஸிலும் இருக்கும்போது பாஸ் ஒரு விருந்தாளி.

களியக்காவிளையைத் தாண்டிப் பாருங்க. கேரளத்தில் 2001-இல் ‘ஐடி அட் ஸ்கூல்’ திட்டம் தொடங்கியது. சில ஆண்டுகளில் உயர்நிலைப் பள்ளிகளின் கணினிப் பாடமும் பத்தாம் வகுப்புச் செய்முறைத் தேர்வும் கட்டற்ற மென்பொருளுக்கு மாறின. ஆசிரியர்களிலிருந்தே பயிற்றுநர்களை உருவாக்கினார்கள். பள்ளிக்குத் தக்கபடி ஒரு லினக்ஸ் தொகுப்பைத் தாங்களே செய்தார்கள். 2017-இல் அந்தத் திட்டம் ‘கைட்’ என்ற அரசு நிறுவனமானது. ஆட்சி மாறியபோதும் லினக்ஸ் போகவில்லை. இங்கே மென்பொருளைக் கொடுத்தார்கள், அங்கே மனிதர்களைப் பழக்கினார்கள். அதுதான் வித்தியாசம்.

இந்த ஊரில் நின்றுகொண்டு திறப்பு பற்றிப் பேசும்போது வேறொன்றையும் நினைக்காமல் இருக்க முடியாது. தாணுமாலயன் கோவிலைச் சுற்றிய இந்தத் தெருக்களில் நம்ம முன்னோர் நடக்கக் கூடாது என்றிருந்தது. தெரு பொதுத்தெரு. வரி கட்டியவன் எல்லாரும். ஆனால் நடக்கிற உரிமை சிலருக்கு. 1926-இலும் 1930-இலும் அதற்காகச் சுசீந்திரத்தில் சத்தியாகிரகம் நடந்தது. 1936 நவம்பர் 12-ஆம் தேதி திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேச அறிவிப்பு வந்தது. கதவு சட்டப்படி திறந்தது. திறந்த கதவுக்குள் நுழைந்தவனை ஊர் எப்படிப் பார்த்தது என்பது அறிவிப்பில் இல்லை.

கட்டற்ற மென்பொருளும் ஒரு அறிவிப்புதான். ‘யார் வேண்டுமானாலும் வரலாம், படிக்கலாம், எழுதலாம்’ என்கிறது. ஆனால் வருவதற்கு ஆங்கிலம் வேணும், இணையம் வேணும், சம்பளமில்லாமல் ராத்திரி உட்கார்ந்து எழுத ஓய்வு வேணும். அந்தத் திண்ணையில் இப்போது உட்கார்ந்திருப்பவர்களில் நம்ம பிள்ளைகள் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர் என்று கேட்காமல் நான் கைதட்ட மாட்டேன். அதே நேரம், இங்கே கதவு பூட்டியிருக்கவில்லை. உள்ளே போகாமல் இருந்தால் அந்தப் பழியைப் பூட்டின் மேல் போட முடியாது.

ஆகவே என் யோசனை இது. ஏழில் ஆறு கணினிகளில் லினக்ஸ் மின்ட் போடுவோம். ஒன்றில் இருக்கிற விண்டோஸ் அப்படியே இருக்கட்டும். டேலியும் எக்செலும் பழக அது வேணும். அதை மட்டும் இணையத்தில் இணைக்க வேண்டாம். வேலைக்குப் போகிற பிள்ளைக்கு இரண்டும் தெரிந்திருக்கணும். ஒன்று தெரிந்தவன் வேலைக்காரன், இரண்டையும் ஒப்பிடத் தெரிந்தவன் கேள்வி கேட்பான்.

ஆனால் ஒரு நிபந்தனை. வெளியிலிருந்து ஆள் கூப்பிட்டு நிறுவ வேண்டாம். பதினொன்றாம் வகுப்புப் படிக்கிற நம்ம பிள்ளைகள் நாலு பேர், அதில் ரெண்டு பேராவது பெண்பிள்ளைகள், அவர்களே நிறுவட்டும். ஒரு பென்டிரைவ் போதும். முதல் கணினி கெட்டாலும் பரவாயில்லை, திரும்பப் போடலாம், யாருக்கும் அபராதம் கட்ட வேண்டியதில்லை. ஆறாவது கணினிக்கு வரும்போது அவர்கள் அடுத்த ஊர்ப் படிப்பகத்துக்குச் சொல்லிக் கொடுக்கிறவர்களாகிவிடுவார்கள்.

அவர்களுக்கு முதல் வேலையையும் நானே சொல்லிவிடுகிறேன். உங்க வீடுகளில் பழைய இதழ்களின் நெகிழ்வட்டோ குறுந்தட்டோ கிடந்தால் தூக்கிப் போடாதீங்க. அடுத்த ஞாயிற்றுக்கிழமை எடுத்துட்டு வாங்க. பூஞ்சை பிடித்திருந்தாலும் எடுத்துட்டு வாங்க. ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்போம்.